படகு கடைசியில் வரட்டும்

சென்னையின் தென்புறநகர்வாசிகள் படகு ஏறுவது பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில்தான். 2015 வெள்ளத்தில் ஏறினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் தெருக்களில் மறுபடி ஏறினார்கள். மற்ற மாதங்களில் படகு வேண்டுமென்றால் ஐரோப்பா இருக்கிறது. ரைன் நதியில் ஒரு வாரம், டான்யூப்பில் ஒரு வாரம், வழியில் வியன்னா, புடாபெஸ்ட் என்று விளம்பரங்கள் வருகின்றன. பிள்ளைகள் செட்டிலான பிறகு ஓய்வுபெற்ற தம்பதிகள் வாழ்நாள் கனவாக நினைக்கும் பயணம் அது. விசாவுக்கு மட்டும் தலைக்கு 90 யூரோ கட்டி, பல லட்சம் செலவழித்துப் போய் வருகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில், படகு ஓடுவதற்கென்றே வெட்டிய ஒரு கால்வாய் ஓடுகிறது. இரு நூற்றாண்டு வரலாறும் கரை நெடுகக் கோட்டைகளும் கோயில்களும் கொண்ட பக்கிங்காம் கால்வாய் அது. அங்கே ஏன் அப்படி ஒரு பயணம் இல்லை என்று கேட்டால், 'நம்ம ஊர்ல அதெல்லாம் நடக்குமா' என்று பதில் வரும். அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஐரோப்பாவில் பயணிகள் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்? கோட்டைகளுக்கு என்றுதான் தோன்றும். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரையிலான 65 கி.மீ. ரைன் பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இரு கரையிலும் திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே வரிசையாகக் கோட்டைகள். ஆனால் அதே கோட்டைகளைப் பேருந்திலும் ரயிலிலும் போய்ப் பார்க்கலாம், செலவும் குறைவு. கப்பலில் போகிறவர் கூடுதலாக வாங்குவது, நாள் முழுக்க மேல்தளத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கும் உரிமையை. அந்தத் தண்ணீர் நாறக்கூடாது, வற்றக்கூடாது, குறித்த நேரத்தில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆக, விற்கப்படும் சரக்கு நீர் மேலாண்மை. கோட்டைகள் கொசுறு.

இந்தத் தண்ணீர் அங்கேயும் தானாக வந்துவிடவில்லை. 1970-களில் ரைன் நதிக்கு 'ஐரோப்பாவின் சாக்கடை' என்றே பெயர். 1986 நவம்பர் 1-ம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளையும் சாயத்தையும் வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டே கரையோர நாடுகள் கூடி ஒரு செயல்திட்டம் போட்டன. அதில் வைத்த இலக்கு யாருக்கும் புரியக்கூடியது: 2000-ம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும். மீன் திரும்பியது. இது சாத்தியமானதற்குப் பின்னால் 1950-லேயே உட்கார்ந்து பேசத் தொடங்கிய ஒரு ஆணையம் இருந்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து என்ற ஐந்து நாடுகள், போர் முடிந்து ஐந்தே ஆண்டில், ஒன்றையொன்று முழுதாக நம்பாத நிலையிலும் ஒரே மேசைக்கு வந்தன. நம் கால்வாய் விஷயத்தில் நீர்வளத்துறை, வனத்துறை, ரயில்வே, இரண்டு மாநகராட்சிகள், குடிநீர் வாரியம், சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஆகியவை ஒரே மாநகரில் இருந்துகொண்டு ஒரே மேசைக்கு வருவது அதைவிடக் கடினம் என்று நம்ப வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஆறுகளில் சுற்றுலாக் கப்பல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பயணி. முதலில் வந்தது சரக்கு. ரைனில் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த 1815-ல் வியன்னா மாநாட்டிலேயே ஒரு ஆணையம் அமைந்தது. ரைனின் துணையாறான மைன் ஆற்றையும் டான்யூப்பையும் இணைக்க எட்டாம் நூற்றாண்டில் சார்லமேன் பேரரசர் மண்வெட்டி போட்டுப் பார்த்தார். அந்த இணைப்பு நவீன வடிவில் முடிந்தது 1992-ல். 171 கி.மீ. நீளம், 16 லாக்குகள் (நீர்மட்டத்தோடு கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்பு அறைகள்), உச்சியில் கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரம். கப்பலை மலையேற்றி இறக்கும் ஏற்பாடு அது. இன்று ஐரோப்பிய ஆற்றுக் கப்பல்கள் பல ஒரே அச்சில் வார்த்ததுபோல 11.45 மீட்டர் அகலமாக இருப்பதற்கு அந்த லாக்குகளே காரணம். லாக்கின் அகலம் 12 மீட்டர். கப்பல் உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் ஒரு சாண் சொச்சம்தான் மிச்சம். அறை ஜன்னலுக்கு வெளியே ஈரமான கான்கிரீட் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் மேலேறிக்கொண்டே போகும். தாழ்வான பாலம் வரும்போது மாலுமியின் கூண்டையே தளத்துக்குள் இறக்கிவிடுவார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் கீழே போக வேண்டும். பாலத்தின் உயரம், லாக்கின் அகலம், ஆற்றின் ஆழம் ஆகிய மூன்றையும் அளந்த பிறகுதான் அங்கே கப்பலை வரைகிறார்கள். நம் ஊரில் முதலில் கப்பலின் படம்தான் பத்திரிகைக்கு வரும்.

இனி நம் கால்வாய்க்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியது இது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. ஆனது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டரை வெட்டியவர்கள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழி தேடி நிவாரண வேலைக்கு வந்தவர்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நெல், உப்பு, விறகு, கருவாடு என்று நகரத்தின் அடுப்படிக்கு வேண்டிய சரக்கெல்லாம் இந்த வழியாக வந்தது. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் படகைச் செலுத்தினார்கள். சுற்றுலாவும் இல்லாமல் இல்லை. 1934-ல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி உள்ளிட்ட நண்பர்களோடு ஒரு நிலவிரவில் இந்தக் கால்வாய் வழியே மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. அதாவது தமிழில் ஆற்றுக் கப்பல் சுற்றுலாவுக்கு ஒரு இலக்கியச் சான்றே இருக்கிறது. இந்தப் பட்டியலில் இருப்பவர்களோடு ஒரு இரவு படகில் போயிருந்தால் பேச்சுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

அந்த வழியில் இன்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அலட்சியமாகக் கேட்கிறவர்களுக்கு, தெற்குத் தடத்தை மட்டும் சொன்னால் போதும். சோழிங்கநல்லூர் தாண்டி முட்டுக்காடு காயலில் இறங்கினால் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் பக்கத்தில். அடுத்து கோவளம். 1722-ல் வியன்னாவில் இருந்த ஆறாம் சார்லஸ் பேரரசரின் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனி வியாபாரத் தளம் வைத்திருந்த ஊர் இது. டான்யூப் பயணத்தில் வியன்னா அரண்மனையின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் சென்னைக்காரருக்கு, அந்த அரண்மனையின் வியாபாரக் கை நம் கோவளம் வரை நீண்டிருந்தது என்று எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. பிறகு திருவிடந்தை பெருமாள் கோயில். சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயில். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரம். அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும், மண்டையோடும் கப்பலும் பூவேலையும் செதுக்கிய அவர்களின் கல்லறைகளும். சதுரங்கப்பட்டினக் கடலில்தான் 1782-ல் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதின. பாலாற்றைத் தாண்டிக் கடப்பாக்கம் காயலோரம் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கடைசியில் மரக்காணத்து உப்பளங்கள். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயர், ஆஸ்திரியப் பேரரசர், பல்லவர் எல்லோரையும் ஒரே தண்ணீர்த் தடத்தில் கோத்த வரலாற்றுப் பயணம் ரைனில்கூடக் கிடைக்காது.

இவ்வளவும் இருந்தும் கால்வாய் செத்தது. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன. லாரிகள் வந்தபின் சரிசெய்ய யாருக்கும் அக்கறை இல்லை. நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். 1995-ல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய அந்த ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு போக்குவரத்துப் பாதையின் மேல் இன்னொன்றைக் கட்டி முதலாவதைக் கொன்ற பெருமை நமக்கு உண்டு. புறநகரில் கழிவுநீர்க் குழாய் போடும் முன்பே அடுக்குமாடிகள் எழுந்தன; கழிவுநீர் லாரிகள் இரவில் எங்கே காலி செய்கின்றன என்பது பழைய மாமல்லபுரம் சாலைவாசிகள் எல்லோரும் அறிந்த ரகசியம். 2008-ல் இந்தக் கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். முதற்கட்ட வேலைக்கு எடுத்துக்கொண்டது கிருஷ்ணா ஆற்றில் முக்தியாலா-விஜயவாடா பகுதியை. சென்னைப் பக்கம் அறிவிப்பு அறிவிப்பாகவே இருக்கிறது.

இதில் பள்ளிக்கரணைக்கு என்ன பங்கு? சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தாம்பரம் பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்து கடைசியில் வந்து சேருமிடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பின் மழைநீர் அது. ஒருகாலத்தில் 50 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்திருந்த சதுப்பு நிலத்தில் குப்பைக்கிடங்கு, சாலைகள், குடியிருப்புகள், மத்திய அரசின் கடல் தொழில்நுட்பக் கழகம் உட்பட ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் இடம்பிடித்துக்கொண்டன. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது 1,247.54 ஹெக்டேர். அங்கிருந்து நீர் வெளியேறும் முக்கிய வாசல் ஒக்கியம் மடுவு. பழைய மாமல்லபுரம் சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், ஆகாயத்தாமரை மூடிய கறுப்பு நீர், ஓரத்தில் கொக்குகள், மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இருசக்கர வாகனங்கள். அந்த நீர் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். தாம்பரத்தில் பெய்யும் மழைக்கும் முட்டுக்காட்டுக் கடலுக்கும் நடுவே இருக்கும் முக்கிய நீர்ப்பாதை இந்தக் கால்வாய். இங்கேதான் என் வாதம். சுற்றுலாப் படகு ஓடத் தேவையான ஆழமும் அகலமும் திறந்த முகத்துவாரமும் சுத்தமான நீரும், பள்ளிக்கரணை வீடுகளுக்குள் வெள்ளம் வராமலிருக்கத் தேவையானவையோடு பெரும்பாலும் ஒன்றே. படகு ஓடும் கால்வாய் என்ற இலக்கு, ரைனுக்குச் சால்மன் மீன் இருந்ததுபோல, யாரும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடிய அளவுகோலாக இருக்கும். 'தூர்வாரும் பணி 80 சதவீதம் முடிந்தது' என்ற அறிக்கையை நம்புவதா வேண்டாமா என்று தெரியாது. படகு தரைதட்டினால் எல்லோருக்கும் தெரியும்.

பொறியாளர்கள் உடனே ஒரு மறுப்பு சொல்வார்கள். படகுக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், வெள்ளத்துக்குக் கால்வாய் காலியாக இருக்க வேண்டும், இரண்டும் எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்வி. கால்வாய் கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருப்பதால் எவ்வளவு தோண்டினாலும் சரிவு அதிகரிக்காது என்பதும் உண்மை. ஆனால் குறுக்குவெட்டு பெரிதானால் அதே சரிவில் அதிக நீர் போகும். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கடலின் ஏற்றவற்றம் பாயும் பகுதி என்பதால் சிறு படகுகளுக்கு நீரைத் தேக்கி வைக்க வேண்டிய கட்டாயமும் குறைவு. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் படகைக் கட்டிப் போட்டுவிடலாம். ஐரோப்பாவிலும் அதுதான் நடக்கிறது. 2018 அக்டோபரில் ரைனின் கௌப் அளவுகோலில் நீர் 25 செ.மீ. என்ற வரலாறு காணாத அளவுக்கு இறங்கிக் கப்பல்கள் திண்டாடின. 2013-ல் டான்யூப் வெள்ளம் பசாவ் நகரத் தெருக்களில் ஏறியது. ஆறு ஒத்துழைக்காத நாட்களில் அங்கே பயணிகளைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். உப்புநீர் உள்ளே ஏறும் என்ற அச்சம் மட்டும் தோண்டும் முன்பே அளந்து தீர்க்க வேண்டியது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. 'அழகுபடுத்துகிறோம்' என்று ஆரம்பித்தால் முதலில் போவது கரையோரக் குடிசைகள்தான். சென்னையின் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் வைத்தோம். அந்த இடங்களே சதுப்பு நிலத்தின் விளிம்பில் இருப்பதால் மழைக்கு மழை அவர்களே முதலில் நனைகிறார்கள். நீரோட்டத்தை மறித்த பெரிய கட்டடங்கள் மேல் யாரும் கை வைக்கவில்லை. சுற்றுலாத் திட்டம் இதே பாதையில் போகும் என்ற சந்தேகம் அனுபவத்தில் விளைந்தது; அதை யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆகவே வரிசையை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கழிவுநீர் இணைப்பு முதலில், நீரோட்டத்தை மறிக்கும் நிறுவனக் கட்டுமானங்கள் அடுத்து, படகு கடைசியில். ஒரு குடும்பத்தைக்கூட நகர்த்தாமல் செய்ய முடிகிற வேலையே முதல் ஐந்தாண்டுக்குப் போதுமான அளவு இருக்கிறது. படகு ஓட்டும் உரிமையில் பெரும்பாக்கத்து, செம்மஞ்சேரி இளைஞர்களுக்கும் காயல் மீனவர்களுக்கும் முதலிடம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். 2015-ல் வெள்ளத்துக்குள் படகு கொண்டுவந்தவர்கள் மீனவர்கள்தானே.

பறவைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களோடு எனக்கு வழக்கே இல்லை. சதுப்பு நிலத்துக்குள் ஒரு படகும் நுழையக்கூடாது. ராம்சார் நிலம் வேடிக்கைக்கு விடும் இடமல்ல. பயணம் முட்டுக்காட்டில் தொடங்கட்டும், தெற்கே போகட்டும். கூட்டம் சேர்ந்தால் சீரழிவு வரும் என்பதும் சரியே. ஆலப்புழையில் வீட்டுப்படகுகள் பெருகி வேம்பநாட்டுக் காயலையே கழிப்பிடம் ஆக்கின. வெனிஸ் 2021-ல் பெரிய கப்பல்களை நகரக் கால்வாயிலிருந்து விரட்டியது. ரைனில் 50 பேருக்கு மேல் தங்கும் கப்பல்கள் கழிவுநீரை ஆற்றில் விடத் தடை இருக்கிறது. தொட்டியில் சேர்த்துக் கரையில்தான் இறக்க வேண்டும். இத்தனை படகு, இத்தனை பேர் என்ற வரம்பை முதல் படகுக்கு உரிமம் கொடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். நூறாவது படகு வந்த பிறகு எந்த அரசாலும் அதைச் செய்ய முடியாது. பாதுகாப்பும் அப்படித்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததும், 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அதே எண்ணிக்கையில் உயிர்கள் போனதும் உயிர்காப்பு உடையில்லாத, அளவுக்கு மீறி ஆளேற்றிய பயணங்களின் விலை.

'கங்கா விலாஸ்' மாதிரி ஒன்றை இங்கே விடலாமே என்கிறவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் வாராணசியிலிருந்து திப்ரூகருக்கு 51 நாள், 3,200 கி.மீ. போன அந்தச் சொகுசுக் கப்பலை எடுத்துக்காட்டாகக் கொள்வது தவறு. அது பெரிய ஆறு. நம்முடையது ஒடுங்கிய கால்வாய். சோழிங்கநல்லூர்-அக்கரை, கேளம்பாக்கம்-கோவளம், திருப்போரூர்-நெம்மேலி என்று பழைய மாமல்லபுரம் சாலையையும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் இணைக்கும் பாலங்கள் குறுக்கே வருகின்றன. அவற்றுக்குக் கீழே நுழையும் தட்டையான சிறு படகுகளே இங்கே பொருந்தும். முட்டுக்காட்டில் சுற்றுலாக் கழகத்தின் படகுக் குழாம் 1984-லிருந்து இருக்கிறது. இப்போது இரண்டடுக்கு மிதவை உணவகமும் உண்டு. அவை வட்டமடித்துவிட்டு வந்த இடத்துக்கே திரும்புகின்றன. அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 20 கி.மீ. பகலில் நாலைந்து மணி நேரம், வழியில் திருவிடந்தையில் ஒரு நிறுத்தம், மீன் குழம்புச் சாப்பாடு, மாலையில் கடற்கரைக் கோயில், பேருந்தில் வீடு. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். சதுரங்கப்பட்டினத்துக்குப் போவது கல்பாக்கம் அணுமின் நிலையப் பாதுகாப்பைப் பொறுத்தது. அதைப் பிறகு பேசலாம்.

பள்ளிக்கரணை, தாம்பரம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்தக் கால்வாயில் படகுச் சவாரி என்று யாராவது அறிவித்தால் கைதட்டவும் வேண்டாம், சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். ஒக்கியம் மடுவிலும் முட்டுக்காட்டிலும் நீரின் ஆழமும் தரமும் என்ன என்பதை வாரம் ஒருமுறை பொதுவில் வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள், வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், ஏரியா சபையில் எழுத்தில் கொடுங்கள். உங்கள் அடுக்குமாடியின் கழிவுநீர் எந்தக் குழாயில் போய் எங்கே விழுகிறது என்பதையும் அதே கூட்டத்தில் விசாரித்துவிடுங்கள்.